கோணல் நாற்று: வைத்துக்கொள்வதா, பிடுங்குவதா?

தக்காளி, மிளகாய்க் குழித்தட்டில் சில நாற்றுகள் மட்டும் விநோதமாக நிற்கும். இரண்டு வித்திலைக்குப் பதில் மூன்று விட்டவை, விதைத்தோல் தொப்பி கழலாதவை, முதல் இலை கோணியவை எல்லாம் வைத்துக்கொள்ளத் தக்கவை. மூன்று வித்திலை நோயல்ல. செடி வழக்கம்போலக் காய்க்கும். தொப்பி மாட்டியதற்குத் தண்ணீர் தெளித்து, தோல் ஊறியபின் மெல்லக் கழற்றினால் போதும். அவசரப்பட்டு இழுத்தால் குருத்தும் சேர்ந்து வந்துவிடும்.

பிடுங்க வேண்டியவை வேறு. வித்திலைகளுக்கு நடுவே குருத்தே இல்லாத நாற்று, எவ்வளவு காத்திருந்தாலும் பெரும்பாலும் வளராது. பச்சையமே இல்லாமல் வெளுத்தது, விதையில் சேர்த்துவைத்த உணவு தீர்ந்ததும் செத்துவிடும். தண்டு மண்ணோரம் நைந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். பக்கத்துக் குழிக்குப் பரவுமுன் மண்ணோடு சேர்த்து அகற்றுங்கள்.

குழப்பம் இலைச்சுருளில்தான். மிளகாயில் சாறு உறிஞ்சும் இலைப்பேனாலோ சிலந்திப்பேனாலோ வந்ததென்றால், வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் புதுத்தளிர் தேற வாய்ப்புண்டு. தக்காளியில் இலை மஞ்சளாகி, சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. இரக்கம் பார்க்காமல் அன்றே பிடுங்கிவிடுங்கள். மற்றபடி சந்தேகமான நாற்றை, இடமிருந்தால், தனித் தொட்டியில் வளர்த்துப் பார்ப்பேன். ஆனால் அதிலிருந்து விதை எடுக்கமாட்டேன்.