யாழ்ப்பாணத்தில் லண்டன் சிலபஸ்: மகளின் பாடசாலை பற்றி என் மதிப்பீடு

மகள் ஏழாம் ஆண்டில் சேர்ந்தாள், இப்போது பத்தாம் ஆண்டு. பாடசாலை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. பிரிட்டிஷ் பாடத்திட்டம், ஐஜிசிஎஸ்இ (எங்கள் ஓ எல்லுக்கு நிகரான பிரித்தானியப் பரீட்சை) வரை ஊரில் நல்ல பெயர், ஏ எல் வகுப்பு தொடங்கிக் கொஞ்சக் காலம்தான். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் திரும்பி வந்து இங்கேயே இருக்க நினைக்கிற குடும்பங்களும், புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த கையோடு பிள்ளையை ஆங்கிலத்துக்கு மாற்றலாமா என்று யோசிக்கிற பெற்றோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: தரம் எப்படி? சுருக்கமாகச் சொன்னால், கீழ் வகுப்புகளும் ஆங்கிலமும் மிக நல்லது, விஞ்ஞானம் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது, ஏ எல்லுக்கு எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இலங்கையில் சர்வதேசப் பாடசாலைகளைக் கல்வி அமைச்சு நடத்துவதும் இல்லை, அரச பாடசாலையைப் போல மேற்பார்வை செய்வதும் இல்லை. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கும் வழியையும் சட்டம் அடைத்துவிட்டது. அதனால் 1970களின் பிற்பகுதியிலிருந்து வந்த இந்தப் பாடசாலைகள் கம்பனியாகத்தான் பதிவாகியிருக்கின்றன. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து வகுப்பில் இருந்து பார்ப்பது இங்கே கிடையாது. துபாயில் என்றால் கேஎச்டிஏ என்ற அரச நிறுவனம் 2008 முதல் தனியார் பாடசாலைகளை ஆய்வு செய்து, மிகச் சிறப்பு என்பதிலிருந்து பலவீனம் என்பது வரை தரம் போட்டு அறிக்கையைப் பகிரங்கமாக வெளியிட்டு வந்தது; அங்கே இருக்கும் சொந்தக்காரர் அதை வாசித்துவிட்டுத்தான் பிள்ளைக்குப் பாடசாலை தேடுவார்கள். பிரித்தானியக் கல்வித் திணைக்களமும் தன் நாட்டுக்கு வெளியே உள்ள பாடசாலைகளுக்கென்று பிரிட்டிஷ் ஸ்கூல்ஸ் ஓவர்சீஸ் என்ற ஆய்வுத் திட்டத்தை வைத்திருக்கிறது. விரும்புகிற பாடசாலை தானே முன்வந்து, காசு கட்டி, ஆய்வாளர்களை வரவழைக்க வேண்டும். அந்த அறிக்கையையும் யாரும் எடுத்து வாசிக்கலாம். எங்கள் பாடசாலை அதற்குப் போகவில்லை. செலவான காரியம், அதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன். ஆனால் பிரித்தானியப் பரீட்சை நிறுவனங்களான கேம்பிரிட்ஜின் பதிவு இருக்கிறது, எடெக்செல்லின் பதிவு இருக்கிறது என்று சொல்வதை இந்த ஆய்வோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது அந்தப் பரீட்சைகளை நடத்துகிற நிலையம் என்பதற்கான பதிவு. எட்டாம் ஆண்டுக் கணித ஆசிரியர் இன்றைக்கு எப்படிப் படிப்பிக்கிறார் என்று அடிக்கடி வந்து பார்ப்பது அவர்களின் வேலை இல்லை. பார்க்க வேண்டியது நாங்கள்தான்.

கட்டடம், சீருடை, குளிரூட்டிய வகுப்பறை, கன்ரீன், வான் சேவை எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

விஞ்ஞானத்துக்கு வருகிறேன், என் பெரிய குறை அங்கேதான். கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இயில் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் மூன்றுக்கும் செய்முறையைச் சோதிக்க இரண்டு வழி உண்டு. ஐந்தாம் வினாத்தாள் என்றால் பிள்ளை ஆய்வுகூடத்தில் உபகரணத்தைக் கையில் எடுத்துச் செய்ய வேண்டும். ஆறாம் வினாத்தாள் என்றால் அதற்குப் பதிலாக மேசையில் இருந்து எழுதிவிடலாம். எதை எடுப்பது என்பது பாடசாலையின் முடிவு. எடெக்செல் இன்டர்நாஷனல் ஏ லெவலிலும் செய்முறைத் திறனுக்கென்று இருக்கும் மூன்றாம், ஆறாம் அலகுகள் எழுத்துப் பரீட்சைகளே. ஆகவே அளவியையும் (பியூரெட்) குழாயியையும் (பிப்பெட்) கையால் தொடாத ஒரு பிள்ளை இரசாயனவியலில் ஏ ஸ்டார் எடுக்க வழி இருக்கிறது, எடுத்த பிறகு இங்கிலாந்திலோ அவுஸ்திரேலியாவிலோ பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் முதல் கிழமையே திணறவும் வழி இருக்கிறது. ஆறாம் வினாத்தாளை எடுப்பது தவறு என்று சொல்ல வரவில்லை. பரீட்சைக்குத் தேவையில்லை என்பதற்காகச் செய்முறையையே விட்டுவிடுவதுதான் தவறு.

பெற்றோர் சந்திப்பன்று ஆய்வுகூடத்தைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டேன். மறுக்காமல் காட்டினார்கள், அதற்கு நன்றி. அளவிகள் கண்ணாடி அலுமாரிக்குள் கடையிலிருந்து வந்த உறையோடேயே நின்றன. கழுவுதொட்டிக் குழாயைத் திருப்பினேன், தண்ணீர் வரவில்லை. பிறகு பிள்ளைகளின் செய்முறைக் கொப்பிகளைப் பார்த்தேன். வரைபடம் எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அழகு. ஆனால் ஊசல் பரிசோதனையில் ஒரு கொப்பியில் இருபது அலைவுக்கு என்ன நேரமோ அடுத்த கொப்பியிலும் அதே நேரம், அதற்கடுத்ததிலும் அதே, தசமதானம்கூட மாறவில்லை. பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். உண்மையாகச் செய்திருந்தால் ஒருவருக்கு 28.4 செக்கன் வந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு 28.9 வரும், ஏன் வித்தியாசம் வந்தது என்று இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள், அந்தச் சண்டையில்தான் விஞ்ஞானம் பிடிபடும். அதிபரிடம் சொன்னேன். “பேப்பர் சிக்ஸ்தானே அம்மா, பிள்ளைகள் நல்லாச் செய்வினம்” என்றார். நல்ல மனிதர், கோபப்படவில்லை, ஆனால் நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. மற்றப் பெற்றோரும் சேர்ந்து கேட்டதில் பௌதிகவியல் செய்முறை இப்போது ஒழுங்காக நடக்கிறது. இரசாயனவியல் இன்னும் பலகையில்தான்.

அடுத்தது பெறுபேறு. ஆகஸ்ட் மாதம் வந்தால் பத்திரிகையிலும் மதிலிலும் படத்தோடு விளம்பரம் வரும், நூறு வீதச் சித்தி என்று. ஐஜிசிஎஸ்இயில் ஜி வரைக்கும் சான்றிதழில் தரம் கிடைக்கும், ஆகவே சித்தி என்ற சொல் தனியே நின்று ஒன்றையும் சொல்லாது. சி அல்லது அதற்கு மேலே எத்தனை பேர், எண்ணில் தரம் போடும் எடெக்செல் என்றால் 4 அல்லது அதற்கு மேலே எத்தனை பேர் என்று பாடம் பாடமாகக் கேளுங்கள். பத்தாம் ஆண்டில் எத்தனை பேர் இருந்தார்கள், அதில் எத்தனை பேர் பாடசாலை மூலம் தோற்றினார்கள், எத்தனை பேர் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகப் போனார்கள் என்றும் கேளுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் தன் பெயரில் அனுப்புகிற பாடசாலைக்கு நூறு வீதம் காட்டுவது பெரிய வேலை இல்லை. எங்கள் பாடசாலையில் நான் கேட்டதும் முழு அட்டவணையையும் எடுத்து வைத்தார்கள், குறைந்த தரங்களும் அதில் இருந்தன. இந்த நேர்மைக்கு நான் நிறையப் புள்ளி கொடுக்கிறேன்.

கணிதத்தில் இன்னொரு விஷயம், இதைப் பல பெற்றோர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள். கேம்பிரிட்ஜ் கணிதத்தில் கோர் என்றும் எக்ஸ்டெண்டட் என்றும் இரண்டு மட்டம். கோர் எடுத்த பிள்ளை எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை எழுதினாலும் சிக்கு மேலே போக முடியாது. எடெக்செல்லில் ஃபவுண்டேஷன் எடுத்தால் 5 தான் உச்சம். பிறகு ஏ எல்லில் கணிதம் செய்ய நினைத்தால் அந்த முடிவு குறுக்கே நிற்கும். எந்தப் பிள்ளை எந்த மட்டம் என்பதை எப்போது, எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள், பெற்றோருக்குச் சொல்கிறார்களா? எங்கள் பாடசாலையில் ஒன்பதாம் ஆண்டு முடிவில் எழுத்தில் அறிவித்தார்கள், மாற்றிக்கொள்ளவும் ஒரு தவணை அவகாசம் தந்தார்கள். இது சரியான முறை.

ஆங்கிலம் படிப்பிக்கும் மிஸ்ஸைப் பற்றி எழுதாமல் விட்டால் அது நியாயம் இல்லை. மகள் காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போனதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். எழுத்துப் பிழையைச் சிவப்பில் வட்டமிட்டதோடு மிஸ் நிற்கவில்லை. மூன்றாம் பந்திக்குப் பக்கத்தில், “இங்கே வந்ததும் கடலைக் காணவில்லையே, சத்தமும் இல்லை, மணமும் இல்லை, சாப்பாடு மட்டும்தான் இருக்கிறது, திரும்ப எழுது” என்று எழுதியிருந்தார். மகள் திரும்ப எழுதினாள், அதையும் வாசித்துக் குறிப்பு எழுதினார். ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியும் இப்படித்தான். தமிழ் மொழிமூலத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் முதல் வருடம் திண்டாடுவார்கள், அவர்களுக்குப் பின்னேரத்தில் தனியாக ஆங்கில வகுப்பு வைக்கிறார்கள், அதற்கு மேலதிகக் கட்டணம் இல்லை. பாடசாலை பார்க்கப் போகிறவர்கள் வரவேற்பறையில் இருந்து கையேட்டைப் புரட்டுவதை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு வகுப்பில் நடுத்தரமான ஒரு பிள்ளையின் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முதல் பிள்ளையின் கொப்பியைத்தான் நீட்டுவார்கள், அது வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கள் பாடசாலையில் கணிதக் கொப்பியில் வெறும் சரி அடையாளம் வரிசையாக இருக்கிறது, எங்கே பிழைத்தது என்று ஒரு வரியும் இல்லை. அந்த ஆசிரியரோடு கதைத்தேன், ஒரே ஆள் நான்கு வகுப்புக்குப் படிப்பிக்கிறார், அவரிடம் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிர்வாகம் இன்னொருவரை எடுக்க வேண்டும்.

ஆசிரியர்கள் நிற்பதில்லை என்பது இங்கே பொதுவான வருத்தம். பட்டதாரி ஒருவர் வருவார், பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும், அரச நியமனம் கிடைத்ததும் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஓய்வூதியம் உள்ள வேலையை யார் விடுவார்? ஆனால் பத்தாம் ஆண்டின் நடுவில் இரசாயனவியல் ஆசிரியர் மாறினால் பாதிக்கப்படுவது பிள்ளை. போன வருடம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். உள்ளூர்ப் பாடத்திட்டத்துக்கு யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்குக் குறைவில்லை, லண்டன் சிலபஸுக்கு அப்படி இல்லை. பாடசாலை ஆசிரியர் போய்விட்டால் கொழும்பில் யாரையாவது பிடித்து சூமில்தான் படிக்க வேண்டும்.

ஒன்பதாம் ஆண்டு முடிவில் கேம்பிரிட்ஜ் செக்பாயிண்ட் பரீட்சையில் பிள்ளைகளை இருத்துகிறார்கள். ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் மூன்றும் வெளியே திருத்தப்பட்டு வரும், எந்தப் பகுதியில் பலம், எந்தப் பகுதியில் பலவீனம் என்று அறிக்கையும் வரும். பாடசாலையின் தவணைப் பரீட்சையில் 90க்கு மேல் எடுத்த சில பிள்ளைகளின் கேத்திரகணிதப் பலவீனம் அதில்தான் வெளிச்சமானது. கட்டணம் ஒரு சுமை என்றாலும் இதைக் கைவிட வேண்டாம் என்று நிர்வாகத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

தமிழ். கிழமைக்கு இரண்டு பாடவேளை, அதுவும் பரீட்சைக் காலத்தில் வேறு பாடத்துக்குப் போய்விடும். இடைவேளையில் தமிழ் கதைத்தால் தண்டப்பணம். நல்லூரிலும் கொக்குவிலிலும் பிறந்த பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் ஒருவரோடு ஒருவர் தமிழில் கதைப்பதற்குக் காசு கட்டுவதை என்னால் ஏற்க முடியாது, இதை எழுத்திலும் கொடுத்திருக்கிறேன். ஆங்கிலம் நன்றாக வருவதற்கு அந்த மிஸ்ஸின் உழைப்புத்தான் காரணம், தண்டப்பணம் இல்லை. இன்னும் பதில் வரவில்லை.

கட்டணம் விடயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். தவணைக் கட்டணம் ரூபாயில், பரீட்சைக் கட்டணம் வேறு, அது பவுணைக் கணக்குப் பார்த்து வரும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் போனபோது பவுணும் கூடவே ஏறியது, அந்த வருடம் பாடங்களைக் குறைத்துக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். எட்டு, ஒன்பது பாடத்துக்கான பரீட்சைக் காசைச் சேரும்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஏ எல். இலங்கைப் பல்கலைக்கழக அனுமதி எங்கள் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை வைத்துத்தான், லண்டன் ஏ எல் எடுத்தவர் அந்த வரிசையில் நிற்க முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம்தான் கனவு என்றால் பிள்ளையை இந்தப் பாதையில் விடாதீர்கள். ஊரின் பெரிய பாடசாலைகள் சிலவற்றில் உள்ளூர்ப் பாடத்திட்டத்தையே ஆங்கில மொழிமூலம் படிக்கும் வகுப்புகள் இருக்கின்றன, அங்கே விசாரியுங்கள். வெளிநாடு போகப் போகிற பிள்ளை, அல்லது அங்கிருந்து வந்து தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளை என்றால் பதினோராம் ஆண்டு வரைக்கும் எங்கள் பாடசாலையைத் தயங்காமல் சொல்வேன். மகளை ஐஜிசிஎஸ்இ வரை அங்கேயே விடுகிறோம். அதற்குப் பிறகு ஏ எல்லுக்கும் அங்கேயே இருப்பதென்றால், இரசாயனவியலுக்கு நிரந்தர ஆசிரியர் ஒருவர் வந்திருக்க வேண்டும், அந்த அளவிகளின் உறை கழன்றிருக்க வேண்டும். அதிபரிடம் இதை நேரிலேயே சொல்லிவிட்டேன்.