ஃபார்மேட் அடித்த பிறகும் திரும்பி வந்த ஸ்பைவேர்

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி சிந்துபூந்துறை சித்தப்பா வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் நனைந்துவிட்டன. காயவைத்து ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்கித் தருகிறேன் என்று நான்தான் வாங்கி வந்தேன். அதற்கு ஒரு பிடிஎஃப் எடிட்டரை, காசு கட்டாமல் பூட்டை உடைத்து ஓட்டும் கிராக் போட்டு இறக்கினேன். ஜிப் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு இருந்தது, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும் என்று குறிப்பு வேறு. உள்ளே இருப்பதை ஆன்டிவைரஸ் பார்த்துவிடக் கூடாது என்றுதான் பாஸ்வேர்டு போட்டுத் தருகிறார்கள் என்பது அப்போது புத்திக்கு எட்டவில்லை.

அதோடு நமக்குத் தெரியாமல் உளவு பார்க்கும் ஸ்பைவேரும் இறங்கிவிட்டது. இரண்டு நாளில் பிரவுசரில் எதைத் தேடினாலும் பெயர் தெரியாத தேடல் பக்கம் ஒன்று வந்து நின்றது. தானாகத் தொடங்கும் நிரல்களைக் காட்டும் ஆட்டோரன்ஸ் போட்டுப் பார்த்தேன், குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளுக்கான ஷெட்யூல்டு டாஸ்க் பகுதியில், தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பமில்லாத ஃபைல் ஒன்று இளஞ்சிவப்பில் தெரிந்தது. அழித்தேன், மறுநாள் காலையில் திரும்ப இருந்தது. சரி, நம்மால் ஆகாது என்று வண்ணார்பேட்டையில் தெரிந்த அண்ணாச்சி கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஃபார்மேட் அடித்தாயிற்று.

வீட்டுக்கு வந்து குரோமில் லாகின் செய்தேன். பத்தே நிமிஷம், அதே தேடல் பக்கம்! இந்த வேலையைச் செய்தது பிரவுசரில் ஒட்டிக்கொண்ட ஒரு எக்ஸ்டென்ஷன். அது கம்ப்யூட்டரில் மட்டுமா இருந்தது, பிரவுசர் அமைப்புகளைக் கணக்கோடு சேமித்து வைக்கும் என் கூகுள் சிங்க்கிலும் இருந்திருக்கிறது, லாகின் செய்ததும் தானாக இறங்கிவிட்டது. போனில் சொன்னதும் அண்ணாச்சி சிரித்துவிட்டார். "பானையைக் கழுவித் தந்தா ஊசிப்போன சொதியையே திரும்ப ஊத்திட்டு வந்து நிக்கீரே வே!"

அதைவிடப் பெரிய அடி அடுத்த வாரம். என் முகநூலிலிருந்து நண்பர்களுக்குப் பணம் கேட்டுச் செய்தி போயிருக்கிறது. ஓடிபி எல்லாம் போட்டுத்தான் வைத்திருந்தேன். ஆனால் நாம் ஏற்கெனவே லாகின் செய்திருப்பதற்கு அடையாளமாக பிரவுசரில் கிடக்கும் குக்கீயைத் திருடிக்கொண்டு போனால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நேரே உள்ளே நுழைந்துவிடலாமாம். கம்ப்யூட்டரை எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் களவு போன குக்கீ அவன் கையில்தானே இருக்கும்.

அப்புறம்தான் ஒழுங்காக உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரைத் தொடாமல் போனிலிருந்தே முதலில் மெயில் பாஸ்வேர்டு, பிறகு வங்கி, பிறகு மற்றவை. ஒவ்வொன்றிலும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்பதையும் அழுத்தினேன். அந்த எக்ஸ்டென்ஷனை நீக்கி, சிங்க்கில் இருந்ததையும் துடைத்தேன். நல்லவேளை யாரும் பணம் அனுப்பவில்லை. பணம் போயிருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடித்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து இன்றுவரை என்னென்ன ஓடுகிறது என்றால், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ்தான். கடையில் ஒரு வருஷத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் கெடுதல் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் கடைசி இரண்டு மாதம் புதுப்பி புதுப்பி என்று அது காட்டிய விளம்பரத்துக்கு ஸ்பைவேரே தேவலை. எடுத்து வீசியதும் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொண்டது. அதில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு, பலர் தொட்டே பார்ப்பதில்லை. ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே கால் மணி நேரம்போலத் தேடும். ஸ்பைவேர் ஓடாத நேரம் என்பதால் அதனால் ஒளிந்துகொள்ள முடியாது. மாதம் ஒருமுறை மால்வேர்பைட்ஸ் என்ற ஸ்கேன் மென்பொருளின் இலவசப் பதிப்பிலும் ஓட்டுகிறேன். அது நாமாக ஸ்கேன் கொடுத்தால்தான் தேடும், எந்நேரமும் காவல் காக்காது.

எதையும் நிறுவும் அதிகாரமுள்ள அட்மின் அல்லாத சாதாரண யூசர் கணக்கில்தான் இப்போது வீட்டில் எல்லாரும். பையன் கேம் மோட் ஏதாவது இறக்கி நிறுவப் போனால் என் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும், அப்போதே பஞ்சாயத்து தொடங்கிவிடும். ஆனாலும் இதை மட்டும் நம்பிவிட முடியாது. அந்தக் கணக்கில் ஓடும் திருட்டு நிரல் அந்தக் கணக்கின் குக்கீயையும் சேமித்த பாஸ்வேர்டையும் எடுக்கத்தான் செய்யும். அதனால் வங்கிப் பாஸ்வேர்டைப் பிரவுசரில் சேமிப்பதை அடியோடு நிறுத்திவிட்டேன்.

சித்தப்பா பத்திரங்களைக் கடைசியில் பிடிஎஃப்சாம் பேசிக் என்ற இலவச மென்பொருளில்தான் சேர்த்துக் கொடுத்தேன். ஐந்து நிமிஷ வேலை.