கரிசலாங்கண்ணி: வீட்டில் வளர்த்துப் பயன்படுத்திய அனுபவம்

கரிசலாங்கண்ணியைக் கடையில் பொடியாக வாங்கலாமா, வீட்டில் வளர்க்கலாமா என்று யார் கேட்டாலும் வளருங்கள் என்றுதான் சொல்வேன். சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டு அடிகுழாய் ஓரத்தில் சில வருஷமாக இது நிற்கிறது. தலைக்கு எண்ணெய், சாப்பாட்டுக்குக் கூட்டு, பிள்ளைகளுக்குக் கண்மை எல்லாம் அதிலிருந்துதான்.

செடியைச் சரியாக அடையாளம் காண்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆளை அதிகம் ஏமாற்றுவது வெட்டுக்காயப் பூண்டு. அதன் பூ நீளக் காம்பின் நுனியில் தனியாக நிற்கும். நடுவில் மஞ்சள் இருக்கும். முற்றினால் விதை பஞ்சோடு பறக்கும். கரிசாலை, அதாவது கரிசலாங்கண்ணியின் பூ அதைவிடச் சின்னது. இலைக் கக்கத்தில் குட்டைக் காம்பில் பூக்கும், நடுவிலும் ஓரத்திலும் வெள்ளைதான். இதழ் உதிர்ந்த பிறகு பச்சைத் தலையில் விதைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும், பஞ்சு கிடையாது. எதிரெதிர் இலையும் சொரசொரப்பும் இரண்டு செடிக்கும் உண்டு. அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

இவ்வளவு பார்த்தும் சந்தேகம் தீரவில்லையா? பக்கத்து வீட்டு ஆச்சி சொல்வது போதும்: "தண்ட நசுக்கிச் செத்த நேரம் வையி தாயி. கறுக்கலன்னா அது கரிசாலையே இல்ல." அப்படித்தான் நடக்கும். ஒடித்ததும் சாறு வெறும் தண்ணீர் மாதிரிதான் தெரியும். கொஞ்ச நேரத்தில் ஒடித்த இடம் கருநீலமாகி, பிறகு கறுத்துவிடும். விரல் ரேகையில் ஏறிய கறை சோப்புக்கும் லேசில் போகாது. பூவே இல்லாத இளஞ்செடியையும் இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

மஞ்சள் பூ பூக்கும் மஞ்சள் கரிசாலையை வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பெயரில் நாற்றுப்பண்ணைகளில் கிடைப்பது பல நேரம் அழகுக்கு வளர்க்கும் அமெரிக்கக் கொடிதான். அதன் இலை பளபளப்பாக, மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். நம் மஞ்சள் கரிசாலையின் இலை ஒடுக்கமாக நீண்டிருக்கும், மடல் பிரியாது. முதலில் சொன்ன வெள்ளைக் கரிசாலையும் இந்த மஞ்சளும் வேறு வேறு செடிகள். ஆனாலும் இரண்டிலும் வெடலோலாக்டோன் என்ற வேதிப்பொருள் உண்டு. அதன் அமைப்பை 1956-ல் வெளியிட்டவர்கள் டி.ஆர். கோவிந்தாச்சாரி குழுவினர், சென்னையில் வேலை பார்த்தவர்கள்.

வளர்ப்பதற்கு ஒரே நிபந்தனை ஈரம். ஆற்றுப் பாசன வயலில் பிசான நெல் அறுத்த பிறகு வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தானாக வருவது இதனால்தான். அங்கே பறித்துச் சாப்பிட எனக்கு மனம் வருவதில்லை. வரப்பில் களைக்கொல்லி அடிக்கிறார்கள், ஊருக்குள் வரும் வாய்க்காலில் சாக்கடை கலக்கிறது. வீட்டில் வளர்க்கச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

குளத்துக் கரம்பை மண்ணும் மட்கிய சாணமும் கலந்த தொட்டி போதும். விதை போட்டால் மண்ணால் மூடாதீர்கள், வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். கணுவோடு தண்டை ஒடித்துச் சேற்றில் படுக்க வைப்பது இன்னும் சுலபம், கணுவுக்குக் கணு வேர் விடும். நல்ல வெயிலில் வையுங்கள். நிழலில் தண்டு மட்டும் நீளும், இலை குறையும். சித்திரை வெயிலைவிட எங்கள் ஊர் ஆடிக் காற்றுதான் தொட்டியைச் சீக்கிரம் காய வைக்கும், அப்போது இரண்டு வேளைத் தண்ணீர். பூக்க ஆரம்பித்ததும் ஒரு சாண் விட்டு வெட்டிவிட வேண்டும். விட்டால் விதை விழுந்து எல்லாத் தொட்டியிலும் இதுதான் முளைக்கும்.

இனி பலன். சாறும் தேங்காயெண்ணெயும் சம அளவு சேர்த்துச் சிறு தீயில் காய்ச்சுவேன். சடசடப்பு அடங்கி, அடியில் கசடு மணல் பதத்துக்கு வந்ததும் இறக்கிவிடலாம். தேய்த்துக் குளித்தால் தலை குளிர்ச்சியாக இருக்கிறது, வறட்சியும் பொடுகும் குறைந்திருக்கின்றன. நரை கறுக்கவில்லை. அதை எதிர்பார்த்து வளர்க்காதீர்கள். பாசிப்பருப்பு போட்ட கூட்டு லேசாகக் கசக்கும், எங்களுக்குப் பழகிவிட்டது. வள்ளலாரே தினமும் சாப்பிடச் சொன்ன கீரை இது. கண்மைக்குத் துணியைச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்துவதைப் பலமுறை செய்து, திரியாக்கி விளக்கெண்ணெயில் எரித்துப் புகையைப் பிடிக்கிறோம்.

மஞ்சள் காமாலைக்கு நீங்களாகவே அரைத்துக் குடிக்காதீர்கள். காமாலைக்குக் காரணங்கள் பல. முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அப்புறம் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளலாம்.

தண்டு வேண்டுமென்றால் வளர்க்கிறவர்களிடம் காலையில் நாலு கணு நீளத்துக்கு வெட்டி வாங்குங்கள். ஈரத் துணியில் சுற்றினால் வீடு வரும் வரை வாடாது. அன்றைக்கே சேற்றில் படுக்க வைத்துவிடுங்கள்.