ரிச்சி ஸ்ட்ரீட் மஞ்ச மல்டிமீட்டரும் ஓடாத ஸ்பீடோமீட்டரும்

சென்னை எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட் ரிச்சி ஸ்ட்ரீட்ல 200 ரூபாய்க்கு வாங்குன 830 மாடல் மல்டிமீட்டர் (வோல்டேஜ், கரெண்ட் எல்லாம் அளக்குற மீட்டர்) இது, மஞ்ச கலர்ல நடுவுல ஒரு பெரிய திருகு இருக்குமே, எலக்ட்ரீஷியன் பையில எல்லாம் கிடக்கும், அதேதான். வாங்கி ரெண்டு வருஷமா ரிமோட் பேட்டரி பாக்குறத தவிர வேற எதுக்கும் எடுத்ததில்ல, போன மாசம்தான் வேலை வந்துச்சு.

வீட்ல இருக்குறது பழைய சான்ட்ரோ ஜிங் கார். கியர்பாக்ஸ் போயி, பழைய வண்டி பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டைல செகண்ட் ஹேண்ட் பாக்ஸ் தேடி எடுத்து மாத்துனாங்க. கியர் நல்லா விழுது, ஆனா ஸ்பீடோமீட்டர் முள்ளு ஜீரோல படுத்துகிச்சு, கிலோமீட்டரும் ஓடல. கேட்டா "மீட்டர் போர்டு போயிருச்சு சார், பழைய வண்டில்ல"ன்னாரு மாத்துன மெக்கானிக். நேத்து வரைக்கும் ஓடுன போர்டு கியர்பாக்ஸ் மாத்துன அன்னிக்கு நாள் பாத்தா சாகும்?

இந்த வண்டில ஸ்பீடோமீட்டருக்கு கேபிள் கிடையாது. பாக்ஸுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் சுத்தும், அது மேல உக்காந்திருக்குற சென்சாரோட தண்ட சுத்த வைக்கும், சென்சார் துடிப்பு துடிப்பா கரெண்ட் சிக்னல் அனுப்பும், அவ்ளோதான் விஷயம். சென்சாருக்கு மூணு வயரு. கனெக்டர கழட்டாம பின்பக்கமா குண்டூசி சொருகி, சாவிய ஆன் பண்ணி, மல்டிமீட்டர டிசி 20 வோல்ட்ல வச்சு பாத்தேன். ஒண்ணுல 12.2, சப்ளை இருக்கு. ஒண்ணுல 0, எர்த்தும் சரி. மூணாவதுதான் சிக்னல். பின் சக்கரத்துக்கு கல்லு குடுத்துட்டு, முன்னாடி ஒரு சக்கரத்த மட்டும் ஜாக்கில தூக்கி, நியூட்ரல்ல விட்டு பையன கையால சுத்தச் சொன்னேன். வோல்டேஜ் மேலயும் கீழயும் குதிக்கணும், ஆனா நின்ன இடத்துலயே நின்னுச்சு. (மெதுவா சுத்தணும், இந்த மீட்டர் செகண்டுக்கு ரெண்டு மூணு தடவதான் நம்பர் மாத்தும், வேகமா சுத்துனா நடுவுல ஏதோ ஒரு நம்பர காட்டி குழப்பும்.)

அப்ப சென்சார்தான் போச்சுன்னு புதுசுக்கு ஆர்டர் போடப் போனேன், நல்லவேளை போடல. சென்சார மட்டும் வெளிய எடுத்து, வயர் மாட்டுனபடியே அதோட தண்ட கையால திருப்புனா நம்பர் குதிக்குது! ட்ரில்ல வச்சு மெதுவா சுத்துனா நின்ன வண்டில முள்ளு 40ஐத் தொடுது, பையனுக்கு ஒரே சிரிப்பு. ஆக போர்டும் வயரும் சென்சாரும் நல்லாத்தான் இருக்கு. பாக்ஸுக்குள்ள டார்ச் அடிச்சா, புதுப்பேட்டை பாக்ஸோட பல்சக்கரம் மொட்டையா இருக்கு. பழைய பாக்ஸ் அந்த ஷெட்லயே கிடந்துச்சு, அதுலேர்ந்து கழட்டி மாட்டுனோம், போர்டும் வாங்கல சென்சாரும் வாங்கல. மாட்டுறதுக்கு முன்னாடி பல்ல எண்ணிப் பாத்துக்கோங்க, எண்ணிக்கை மாறுனா முள்ளு ஓடும் ஆனா தப்பா காட்டும். போன் ஜிபிஎஸ்ஸோட ஒப்பிட்டா இப்ப ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது போன் 56 சொல்லுது, ஸ்பீடோமீட்டர்னாலே கொஞ்சம் கூடத்தான் காட்டும்.

இனி மல்டிமீட்டர் குறை. கூட வர்ற வயரு ரொம்ப மட்டம், இன்ஜின் சூட்டுல பட்டா இளகிடும், நான் வேற ஜோடி வாங்கிட்டேன். லைட் கிடையாது, பானெட்டுக்குள்ள சாயங்காலம் ஒண்ணும் தெரியாது. தானா ஆஃப் ஆகாது, மறந்து வச்சா 9 வோல்ட் பேட்டரி காலி, எனக்கு ரெண்டு தடவ ஆச்சு. சிவப்பு வயர 10 ஆம்பியர் ஓட்டைல சொருகிட்டு மட்டும் பேட்டரி வோல்டேஜ் பாக்காதீங்க, அந்த ஓட்டைக்கு ஃபியூஸ் கிடையாதுன்னு அதுலயே போட்டிருக்கும், நேரா ஷார்ட்டுதான்.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார். அந்த ஒன்றரைய வயருக்காக வெட்டிட்டேன்.