மணல் தோட்டத்துக்குக் குழிவான எவர்சில்வர் கரண்டி

ஐப்பசியில் இரண்டு மழை விழுந்தால் போதும், ராமநாதபுரம் கடற்கரை ஊர்களான கீழக்கரை, மண்டபம் பகுதிகளின் வீட்டு மணல் தோட்டங்களில் நித்தியகல்யாணியும் துளசியும் தாய்ச்செடியின் அடியில் தானாக முளைத்துக் கொத்துக் கொத்தாக நிற்கும். அவற்றைப் பெயர்த்து நட 2 அங்குல அகலமும் 6 அங்குல நீளமும் உள்ள குழிவான தகடு கொண்ட எவர்சில்வர் தோட்டக் கரண்டிதான் சரி. அகலமான தட்டைக் கரண்டி இந்த மணலுக்கு ஆகாது.

நித்தியகல்யாணியின் ஆணிவேர் நேராக இறங்கும். தட்டைத் தகட்டில் அள்ளினால் மணல் இரு பக்கமும் சரிந்து வேர் வெறுமையாகிவிடும், நுனியும் அறுந்துபோகும். அப்படி எடுத்த நாற்று மறுநாள் வெயிலிலேயே துவண்டுவிடும். குழிவான தகடு மண்ணைச் சரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஈரமணலைத்தான் பிடிக்கும். அதனால் முந்தைய நாள் சாயங்காலமே நாற்றைச் சுற்றி ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவையுங்கள். 4 முதல் 6 இலை விட்ட நாற்றாகப் பாருங்கள். தண்டிலிருந்து 2 அங்குலம் தள்ளி, தகடு முழுக்க இறங்கும்படி நேராகக் குத்துங்கள். எதிர்ப்பக்கமும் ஒரு குத்து குத்திவிட்டு மெதுவாக நெம்புங்கள். துளசிக்கு இவ்வளவு பாடு வேண்டாம். பக்கவேர் நிறைய இருப்பதால் மண் தானே ஒட்டிக்கொண்டு வரும்.

முன்பு நின்ற ஆழத்திலேயே நட்டு, வாடைக்காற்று வரும் பக்கம் ஒரு பனையோலையைச் சாய்த்து 5 நாள் விடுங்கள்.

கரண்டியின் பலவீனம் கழுத்துதான். மணலுக்குள் கல்லோ சிப்பியோ தட்டுப்படும்போது நெம்பினால், பற்றவைத்த கழுத்து வளைந்துவிடும். தகட்டின் வால் பிடிக்குள் நீளமாகப் போய் ஆணி அடித்து இறுகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிடியின் முனையை இறுக்கும் வளையமான பூண் இரும்பாக இருந்தால் உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிப்பது அதுதான். பிறகு மரப்பிடி ஆடத் தொடங்கும். காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் இல்லை என்று நினைக்க வேண்டாம், 430 என்ற எவர்சில்வர் வகையிலும் ஒட்டும். ஆனால் கடலோரத்தில் 304 வகைதான் கூடுதலாகத் தாங்கும். அதிலும் உப்பு படிந்தே கிடந்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும் என்பதால், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவையுங்கள்.

வேப்பங்கன்றுக்கு இதை நம்பாதீர்கள். ஒரு சாண் உயரம் வளர்ந்துவிட்டாலே அதன் ஆணிவேர் 6 அங்குலத்தைத் தாண்டிப் போயிருக்கும், கரண்டி அதைப் பாதியில் வெட்டிவிடும்.