பம்பு மறைத்த ஒழுகல்: பழைய பாய்ப்படகில் ஐந்து பருவங்கள்

டொராண்டோவில், ஸ்கார்பரோ மண்மேடுகளின் காலடியில், ஒன்டாரியோ ஏரியில் நிற்கிறது என் படகு. 27 அடி, ஃபைபர் கிளாஸ், 1979இல் செய்தது. வாங்கிய முதல் வாரமே தரைப்பலகையைத் தூக்கினால் அடியில் தண்ணீர் தளும்பியது. பழைய படகு என்றால் அப்படித்தான் என்றார் விற்றவர். நானும் நம்பினேன்.

தண்ணீர் ஏறினால் பம்பைத் தானே ஓட்டும் மிதவை ஸ்விட்சோடு 12 வோல்ட் பம்பு ஒன்றை வாங்கி அடிப்பள்ளத்தில் உட்கார வைத்தேன். தரை காய்ந்தது, என் கவலையும் காய்ந்தது. ஜூலையில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் பேட்டரி செத்து, பலகைகள் மிதந்துகொண்டிருந்தன. அதுவரை எவ்வளவு ஒழுகுகிறது என்பதே எனக்குத் தெரியாதபடி அந்தப் பம்பு சத்தமில்லாமல் இறைத்துக் கொட்டியிருக்கிறது. பம்பு எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணும் சின்ன மீட்டர் ஒன்றை அதன் பிறகுதான் மாட்டினேன். இந்தப் படகுக்கு வாங்கியவற்றிலேயே உருப்படியான பொருள் அதுதான்.

அப்பா தூத்துக்குடியில் வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். தொலைபேசியில் சொன்னதும், "நாக்கில் வைத்துப் பார்த்தாயா? கரிக்கிறதா?" என்றார். கடலில் அந்தச் சோதனை போதும்: கரித்தால் வெளித்தண்ணீர், இல்லையென்றால் மழை அல்லது குடிநீர்த் தொட்டி. "ஏரியில் ஏதுப்பா உப்பு?" என்றேன். "அப்படியானால் சாயம் போடு" என்றார். குடிநீர்த் தொட்டியில் கேசரிப் பவுடரைக் கலந்தேன். அடிப்பள்ளத்தில் நிறம் தெரியவில்லை; தொட்டி தப்பித்தது. (குழாயில் மட்டும் பத்து நாள் கேசரி வந்தது.)

அடுத்து, மோட்டாரின் தண்டு படகைத் துளைத்து வெளியேறும் இடம். ஓடும்போது அங்கே நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழுவது இயல்பு. நிறுத்தினால் நிற்க வேண்டும். நின்றது. மழையில்லாத ஒரு வாரம் மீட்டர் அசையவே இல்லை. ஆக, தண்ணீர் மேலிருந்துதான் வருகிறது.

பள்ளத்தை ஸ்பஞ்சால் ஒற்றியெடுத்து, உட்சுவரில் முகப்பவுடரைத் தூவி, பலகை இடுக்குகளில் டிஷ்யூ துண்டுகளைச் செருகிவைத்தேன். மறு மழையில் பவுடரில் விரலால் கிழித்தது போல ஒரு கோடு, அலமாரிக்குப் பின்னாலிருந்து இறங்கியிருந்தது. அலமாரியைக் கழற்றினால் அங்கே ஓட்டை இல்லை. மேல்தளமும் அடியுடலும் சேரும் விளிம்பில் ஊர்ந்து வந்து, இறங்க வசதியான இடத்தில் இறங்கியிருக்கிறது. மனைவி உள்ளே டார்ச்சோடு உட்கார, நான் மேலே தோட்டக் குழாயோடு நின்றேன். மேல்தளத்தில் போல்ட் போட்டு மாட்டிய ஒவ்வொரு பொருத்துக்கும் பத்து நிமிடம், தாழ்ந்த இடத்திலிருந்து மேல்நோக்கி. மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக் குழப்பிவிடும். நான்காவது பொருத்தில் உள்ளிருந்து குரல் வந்தது. பக்கவாட்டுக் கைப்பிடித் தூணின் போல்ட். கோடு இறங்கிய இடத்திலிருந்து நாலடி முன்னால்!

முந்தைய உரிமையாளர் பூசியிருந்த சிலிக்கான் தோல் போல உரிந்து வந்தது. இந்தப் படகின் மேல்தளம் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்தது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால் காய்ந்த இடம் 'டக்' என்றது, போல்ட்டைச் சுற்றி மட்டும் 'தொப்' என்றது. ஊறிய மரத்தைக் குடைந்தெடுத்து, உலரவிட்டு, கல்லாய் இறுகும் எபாக்சிப் பசையை நிரப்பி, அதிலே புதுத் துளை போட்டு, பியூட்டைல் டேப் (களிமண் போல நெகிழும் ஒட்டு ரப்பர்) வைத்து முடுக்கினேன். ஒரேயடியாக முடுக்கக் கூடாது. டேப் பிதுங்கப் பிதுங்க, இரண்டு மூன்று நாள் இடைவெளியில். நான்கு குளிர்காலம் தாண்டியும் அது அப்படியே பிடித்திருக்கிறது. ஒரு ஜன்னலுக்குச் சோம்பலில் சிலிக்கான் பூசினேன். இரண்டாம் ஆண்டே விட்டுவிட்டது.

பம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியில் மணிக்கு 1100 கேலன் என்றிருந்தது, அதாவது நிமிடத்துக்கு சுமார் 69 லிட்டர். 20 லிட்டர் வாளியை வைத்து நேரம் பார்த்தேன்: 30 விநாடி, அதாவது 40 லிட்டர்தான். தண்ணீரை உயரம் ஏற்றுவதிலும் நெளிநெளிக் குழாயிலும் மீதி போய்விடுகிறது. உட்புறம் வழவழப்பான குழாய்க்கு மாற்றியதும் 26 விநாடியானது. நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஓர் அங்குல ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்கு 60 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். எனவே மரத்தக்கைகளும் வாளியும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. மூன்றாம் ஆண்டு மிதவை ஸ்விட்ச் சிக்கிக்கொண்டது. சிக்கவைத்தது நான் செருகி மறந்த டிஷ்யூ துண்டு.

தீராத ஒழுகல் ஒன்று உண்டு. பாய்மரம் மேல்தளத்தைத் துளைத்து அடிவரை இறங்குகிறது. கயிறுகள் வெளிவரும் துளைகள் வழியாக மழை அதனுள்ளே புகுந்து பள்ளத்துக்கு வந்துவிடும். பெருமழைக்கு ஒரு டம்ளர். அதற்கு ஸ்பஞ்சு. அக்டோபரில் படகைக் கரையேற்றும்போது அந்த டம்ளரையும் விட்டுவைப்பதில்லை; உறையும் நீர் 9 சதவீதம் பருத்து, இடுக்கிலிருந்தால் இடுக்கைப் பிளந்துவிடும்.

இந்தப் பருவத்தில் மீட்டர் காட்டுவது 3. அதில் இரண்டு, ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று நானே மிதவையைத் தூக்கிப் பார்த்தது.