"டிரஸ்ட் சீட்" என்று சொல்பவர்களிடம் மூலச் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள்

பெற்றோர் துணையில்லாத, கையில் பணமும் இல்லாத பிள்ளைகளை அறக்கட்டளைச் செலவிலேயே பொறியியல் படிக்க வைப்பதாகச் சொல்லி ஏமாற்றும் முகவர் ஒருவரிடம், மதுரை மாட்டுத்தாவணிப் பகுதியில் என் தம்பி சென்ற ஆண்டு சிக்கிக்கொண்டான். பிளஸ் டூ முடிவுகள் வரும் இந்த நேரத்தில் வேறு பிள்ளைகள் சிக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தாய் தந்தை இல்லாததால் அவன் படிப்பு, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் என் பொறுப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அவன் உசிலம்பட்டியில் அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதை அந்த முகவர் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார். "கவுன்சிலிங்குக்கு எதுக்குத் தங்கச்சி அலையணும், நாலு வருசத்துக்கும் டிரஸ்ட்டே கட்டிரும்" என்று சொல்லி, பதிவுக் கட்டணமாக 35,000 ரூபாயையும், சரிபார்ப்புக்கு என்று மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலங்களையும் வாங்கிக்கொண்டார். கல்லூரியின் பெயரில் ரசீது கேட்டதற்கு அறக்கட்டளையின் பெயரில்தான் தந்தார். சான்றிதழ்கள் அவரிடமே முடங்கிக் கிடக்க, கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் காலம் முடிந்துபோனது.

வெளிமாவட்டக் கல்லூரி ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். இரண்டாம் பருவத்தில், டிரஸ்ட் பணம் வரவில்லை, முழுக் கட்டணத்தையும் நீங்களே கட்டுங்கள் என்றது கல்லூரி. அவனுக்குக் கொடுத்திருந்தது நிர்வாக ஒதுக்கீட்டு இடம், அதாவது அரசின் கலந்தாய்வு இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடம் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பணம் போனதைவிட இதுதான் பெரிய இழப்பு. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களைத் தமிழ்நாடு அரசு 2021இல் சட்டம் இயற்றி ஒதுக்கியிருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அது கிடைக்காவிட்டாலும், குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவர்களுக்கு முதல் பட்டதாரி என்ற கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு இவை இரண்டும் செல்லாது. கலந்தாய்வு விண்ணப்பக் கட்டணமோ 500 ரூபாய்தான். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 250. இவ்வளவு உரிமையுள்ள பிள்ளையை அந்த உரிமை எட்டாத இடத்தில் சேர்த்துவிட்டு, அதற்கு எங்களிடமே பணமும் வாங்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு அதே முகவர், கமிஷன் கொடுத்தால் வங்கிக் கல்விக்கடன் வாங்கித் தருவதாகவும் பேசினார். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் மாணவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். நான்கு லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. இடையில் ஆள் எதற்கு?

தம்பி அங்கிருந்து விலக முடிவெடுத்தபோது, மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் தன்னிடம் வந்து சேர்ந்திருந்த சான்றிதழ்களைத் தருவோம் என்று கல்லூரி மறித்தது. மூலச் சான்றிதழ்களை நிறுத்திவைக்கக் கூடாது என்ற ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதியைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிய பிறகே அவை கைக்கு வந்தன. தம்பி இந்த ஆண்டு கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கிறான். பணம் இன்னும் வரவில்லை. காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். இதே போல டிரஸ்ட் பெயரில் ரசீது வைத்திருப்பவர்கள், அதையும் பணம் அனுப்பிய வங்கிப் பதிவையும் எடுத்துக்கொண்டு உடனே புகார் கொடுங்கள்.